மீதிப் பாதி ஓட்டு

கோமதி மூன்றாவது தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தாள். போன் அடித்தது. கையெல்லாம் மாவு. முழங்கையால் தட்டி ஸ்பீக்கரில் போட்டாள்.

"அக்கா, உன் பேரைக் காணோம்."

பேசியது அவள் தம்பி மாணிக்கம். அந்தமானில், போர்ட் பிளேரில் இருக்கிறான். அப்பா கட்டிய வீட்டில் இன்றைக்கும் அவன்தான் குடியிருக்கிறான்.

"எங்கடா காணோம்?"

"ஓட்டர் லிஸ்ட்லக்கா. நம்ம வீட்டு நம்பர்ல நான் இருக்கேன், சாந்தி இருக்கா, பெரியவன் இருக்கான். நீ இல்ல. விரல் வச்சு ரெண்டு தடவ பாத்துட்டேன்."

கோமதி தோசைத் திருப்பியைக் கையில் பிடித்தபடி நின்றாள். தோசை கருகியது. அடுப்பை அணைக்க வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. "எவன்டா என் பேரை எடுத்தது?" என்றாள்.

அவள் புருஷனான நான் பக்கத்து அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். படித்துக்கொண்டிருந்தேன் என்பது சும்மா. ஒரே வரியிலேயே கண் நின்றிருந்தது. எவன் எடுத்தான் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

போன வாரம் இந்தப் பத்தியில் ரேஷன் கடை வரிசையைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு, "ஊரார் தப்பையெல்லாம் எழுதறீங்க, உங்க தப்பு எப்ப வரும்?" என்று கோமதி கேட்டாள். இந்த வாரம் வருகிறது. அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மூன்று நாள் கப்பல்

கோமதியின் அப்பா தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். இளவயதிலேயே அந்தமானுக்குக் கப்பலேறி, படகு பழுது பார்க்கும் பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தார். கோமதி பிறந்தது அங்கேதான். வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி என்று வளர்ந்தவள். கல்லூரிப் படிப்புக்குப் பெங்களூர் வந்தாள். படிப்பு முடிந்ததும் இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் ஹிந்தி டீச்சராகச் சேர்ந்துவிட்டாள்.

நான் அவளிடம் மாலை நேரத்தில் ஹிந்தி கற்றுக்கொள்ளப் போனேன். ஆபீஸில் பதவி உயர்வுக்கு உதவும் என்று யாரோ சொன்னார்கள். பரீட்சையில் இரண்டு தடவை தோற்றேன், டீச்சரைக் கல்யாணம் செய்துகொண்டேன். இன்றைக்கும் ஹிந்தியை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன்.

கல்யாணம் ஆன புதிதில் மாமனார் வீட்டுக்குக் கப்பலில் போனோம். சென்னையிலிருந்து மூன்று நாள். முதல் நாள் சாயந்தரம் ஆரம்பித்த வாந்தி, கரை தெரிகிற வரைக்கும் நிற்கவில்லை. டீசல் வாசனையும் எலுமிச்சை ஊறுகாய் வாசனையும் சேர்ந்து வந்தால் இப்போதும் எனக்குத் தலை சுற்றும். கோமதி மேல்தளத்தில் நின்று, பறக்கிற மீனைப் பார்த்துக் கை தட்டிக்கொண்டிருந்தாள். நான் பக்கெட்டும் கையுமாக இருந்தேன்.

மாமனார் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "மாப்பிள்ளைக்குக் கடல் ஒத்துக்கல போல" என்றார். பிறகு சுறாப்புட்டு வைத்துச் சோறு போட்டார். சாப்பாட்டின் நடுவில் ஒரு கேள்வி கேட்டார்.

"மாப்பிள்ளை, நீங்க உங்க ஊர்ல எத்தனை ஓட்டுப் போடுவீக?"

கணக்குச் சொன்னேன். கார்ப்பரேஷனுக்கு ஒன்று, சட்டசபைக்கு ஒன்று, பார்லிமெண்டுக்கு ஒன்று.

"எங்களுக்கு நடுவுல உள்ளது கிடையாது பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர் சொன்னது உண்மை. அந்தத் தீவுகளுக்கு முனிசிபாலிட்டி உண்டு, டெல்லிக்கு ஒரு எம்.பி. உண்டு. சட்டசபை கிடையாது. மாநிலம் இல்லை, யூனியன் பிரதேசம். டெல்லி அனுப்புகிற துணைநிலை ஆளுநர்தான் எல்லாம். ஆரம்பத்தில் அந்த எம்.பி.யைக்கூட டெல்லியே நியமித்துக்கொண்டிருந்ததாம். கோமதிக்கு நாலைந்து வயதிருக்கும்போதுதான் முதல் முதலாக ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள்.

அன்றைக்கு அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு அவளையும் தூக்கிக்கொண்டு போனாராம். திரும்பி வந்து, மை வைத்த விரலை அவள் மூக்குக்கு நேரே நீட்டி, "ஏட்டி கோமு, இது பாதி ஓட்டுதான். டெல்லிக்குப் போற பாதி. இங்கனயே உக்காந்து நமக்குச் சட்டம் போடுதவனுக்கு உள்ள பாதி இன்னும் வரல. அது வரும்போது நான் இருக்கனோ இல்லையோ, நீ போய்ப் போட்டுரணும்" என்றாராம்.

நாலு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் ஞாபகம் இருக்குமா என்று நான் கேட்டிருக்கிறேன். "அப்பா வருஷா வருஷம் சொல்வாரு, எப்படி மறக்கும்?" என்பாள்.

மாமனார் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. மீதிப் பாதி வரவில்லை. கோமதி தன் பெயரை அந்த ஊர் லிஸ்டிலிருந்து எடுக்கவே இல்லை. ஒவ்வொரு தடவை லிஸ்ட் வரும்போதும் மாணிக்கம் போய்ப் பார்த்து, வரிசை எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதித் தபாலில் அனுப்புவான். பிற்பாடு போனில் போட்டோ அனுப்ப ஆரம்பித்தான். சீட்டுகளை எல்லாம் ஊசி நூல் டப்பாவுக்குள் வைத்திருக்கிறாள். எனக்குச் சட்டைப் பொத்தான் தைக்க வேண்டுமென்றால்கூட அந்தச் சீட்டுகளை முதலில் எடுத்துப் பத்திரமாக ஓரம் வைத்துவிட்டுத்தான் ஊசியைத் தேடுவாள்.

அரை நாள் வேலை

நான் இங்கே அரசாங்கத்தில் சட்ட மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். ஆங்கிலத்தில் வருகிற சட்டங்களைக் கன்னடத்தில் கொண்டுவரும் வேலை. எங்கள் குடும்பம் மைசூர் ராஜா காலத்திலேயே இங்கே உத்தியோகத்துக்கு வந்த தமிழ்க் குடும்பம். என் கன்னடத்தைப் பார்த்துக் கன்னடக்காரர்களே மூக்கில் விரல் வைப்பார்கள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

ஒரு நாள் கோமதி கேட்டாள். "ஏங்க, சட்டமெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. ஒரு தீவு மாநிலமாகணும்னா என்ன பண்ணணும்?"

காலை நீட்டி உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தேன். அரசியல் சட்டத்தின் பின்பக்கத்தில் ஒரு அட்டவணை உண்டு. அதில் இரண்டு பட்டியல். முதலாவது மாநிலங்கள், இரண்டாவது யூனியன் பிரதேசங்கள். இரண்டாவதில் இருக்கிற பெயரை அடித்து முதலாவதில் எழுத வேண்டும், அவ்வளவுதான். அதற்குப் பார்லிமெண்ட் ஒரு சாதாரணச் சட்டம் போட்டால் போதும். முன்கூட்டியே ஜனாதிபதியின் பரிந்துரை வேண்டும். பிறகு இரண்டு சபையிலும் பாதிக்கு மேல் கை தூக்க வேண்டும். ஜனாதிபதி கையெழுத்து, கெஜட், முடிந்தது. வழக்கமாக ஒரேயடியாகக் கொடுத்துவிட மாட்டார்கள். முதலில் ஒரு சட்டசபை, பிறகு மந்திரிகள், பிறகு மாநிலம் என்று படிப்படியாக ஏற்றுவார்கள். கோவா அப்படித்தான் ஏறி வந்தது.

"அங்க இருக்கற ஜனங்களைக் கேப்பாங்களா?"

"கேட்கணும்னு கட்டாயம் இல்ல. ஏற்கனவே மாநிலமா இருந்தா, எல்லையை மாத்தறதுக்கு முன்னாடி அதோட சட்டசபையை ஒரு வார்த்தை கேட்கணும். உங்களுக்குத்தான் சட்டசபையே இல்லையே, யாரைக் கேட்கிறது?"

அவள் முகம் சுருங்கிவிட்டது. சமாதானமாக இருக்கட்டும் என்று, "மனசு வச்சா அரை நாள் வேலைதான் கோமதி. காலையில மசோதா, சாயந்தரம் மாநிலம்" என்றேன்.

"அரை நாளா?" என்று கண்ணை விரித்தாள். அந்த வார்த்தையை அப்படியே பிடித்து வைத்துக்கொண்டாள்.

"மனேலி எஷ்டு ஓட்டு?"

இப்போது என் தப்புக்கு வருகிறேன்.

ஒரு மழைக்காலம். ஓட்டர் லிஸ்ட் சரிபார்க்க வீடு வீடாக வரும் டீச்சரம்மா எங்கள் வீட்டுக்கும் வந்தார். நனைந்த குடையை வெளியே சாய்த்துவிட்டு, "மனேலி எஷ்டு ஓட்டு சார்?" என்று கேட்டார். வீட்டில் எத்தனை ஓட்டு என்று அர்த்தம்.

"ஒந்தே" என்றேன். ஒன்றுதான்.

"மேடம்து?"

மேடத்தின் ஓட்டு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? அசடு வழிந்தேன். டீச்சரம்மா சிரித்துக்கொண்டே, "சட்டம் மொழிபெயர்க்கிற சார் வீட்டிலேயே இப்படியா?" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டுப் போனார். விளையாட்டாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்று தைத்தது.

அது மட்டும் காரணம் என்று சொன்னால் பொய். எத்தனையோ வருஷமாக மனதில் ஒரு வலி இருந்தது. இந்த வீட்டில் சமைக்கிறாள், இந்தத் தெருவில் எல்லோருக்கும் அக்கா. ஆனாலும் ஒரு கால் கப்பலிலேயே இருக்கிற மாதிரி எனக்குத் தோன்றும். நான் இவளுக்கு ஊர் இல்லையா? இத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியும் இவள் இங்கே விருந்தாளிதானா? கேட்டால் சின்னப்பிள்ளைத்தனமாக இருக்கும் என்று கேட்கவே இல்லை.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். பேங்க், கேஸ், ரேஷன், இன்ஷூரன்ஸ் என்று எந்த ஃபாரம் வந்தாலும் நான்தான் நிரப்புவேன். கோமதிக்குக் கன்னடம் பேச வரும், படிக்க வராது. நிரப்பிக் கொண்டுபோய், பெருக்கல் குறி போட்ட இடத்தைக் காட்டி, "இங்கே ஒரு கையெழுத்து" என்பேன். கரண்டியை மறு கைக்கு மாற்றிக்கொண்டு போடுவாள். என்ன ஏது என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அந்த வாரமே அவள் பெயரை அந்தமான் லிஸ்டிலிருந்து எடுத்து இங்கே மாற்றும் ஃபாரத்தைக் கன்னடத்தில் நிரப்பினேன். கேஸ் புத்தகம் அவள் பெயரில் இருந்தது, முகவரிக்கு அதன் நகல். ரேஷன் கார்டு ஃபாரத்துக்கு அடியில் அதை வைத்துக் கொண்டுபோனேன்.

"இங்கே ஒரு கையெழுத்து. இங்கேயும் ஒண்ணு."

போட்டாள். அன்றைக்கு வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். பேனாவில் வெண்டைக்காய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

புது அட்டை தபாலில் வந்தபோது நல்லவேளையாக அவள் வீட்டில் இல்லை. எடுத்துச் சட்ட அகராதிக்குள் ஒளித்து வைத்தேன். சமயம் பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சமயம் வரவில்லை, மாணிக்கத்தின் போன்தான் வந்தது.

மூன்று வரைவு

தோசை கருகிய அன்று மத்தியானம் கோமதி என் மேசைக்கு வந்தாள். கண் சிவந்திருந்தது.

"அந்த ஊர் எலெக்‌ஷன் ஆபீசருக்கு ஒரு மனு எழுதுங்க. நல்ல இங்கிலீஷ்ல, சூடா. பதில் வரலைன்னா நானே நேர்ல போய்க் கேட்கிறேன். என்னைக் கேட்காம என் பேரை எப்படி எடுத்தீங்கன்னு கேளுங்க."

எழுத உட்கார்ந்தேன். என் வாழ்க்கையில் எத்தனையோ கடினமான சட்டங்களை மொழிபெயர்த்திருக்கிறேன். அந்த ஒரு பக்க மனு மாதிரி எதுவும் என்னைப் பாடாய்ப் படுத்தியதில்லை. முதல் வரைவில் 'எனக்குத் தெரியாமல்' என்று எழுதினேன், அடித்தேன். இரண்டாவதில் 'யாரோ ஒருவர்' என்று எழுதினேன், அதையும் அடித்தேன். மூன்றாவது வரைவில் 'ஐயா' என்பதைத் தாண்டவில்லை. அந்த ஆபீஸ் என்ன தப்புச் செய்தது? வந்த ஃபாரத்தின்படி முறையாகப் பெயரை எடுத்திருக்கிறார்கள்.

மறுநாள் காலை காபி ஆறிக்கொண்டிருந்தபோது அகராதியைத் திறந்து, அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன்.

"இது என்ன?"

"உன் ஓட்டர் கார்டு. நம்ம அடுகோடி வீட்டு விலாசத்துக்கு வந்தது. நான்தான் மாத்தினேன்."

அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. கத்துவாள் என்று நினைத்தேன், அதுவும் இல்லை.

"நீங்க காட்டின இடத்துலெல்லாம் கையெழுத்துப் போட்டேன். ஒரு தடவையாவது படிச்சுச் சொல்லுங்கன்னு கேட்டிருக்கேனா?"

"இல்ல."

"எங்க அப்பாவை யாரும் கேட்கல. கேட்காமலே ஆளுநரை அனுப்பினாங்க, கேட்காமலே சட்டம் போட்டாங்க. அது எங்கியோ டெல்லியில இருக்கறவங்க. நீங்க இந்த ஹால்ல உட்கார்ந்துகிட்டு என்னைக் கேட்கலையே."

வெட்கத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

அதற்குப் பிறகு பதினைந்து நாள் என்னிடம் ஹிந்தியில்தான் பேசினாள். கோபம் வந்தால் அவள் அந்தப் பாஷைக்குப் போய்விடுவாள். 'கானா', 'பானி', 'தர்வாஸா பந்த்' என்று சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் கதவைச் சாத்தவும் ஒற்றை ஒற்றைச் சொல். ஹிந்தி பரீட்சையில் நான் ஏன் தோற்றேன் என்று அந்தப் பதினைந்து நாளில் ரொம்ப வருத்தப்பட்டேன்.

சிமெண்டுப் பூச்சு உதிர்ந்த பள்ளிக்கூடம்

கோடையில் கர்நாடகச் சட்டசபைத் தேர்தல் வந்தது. வாக்குச்சாவடி நாலு தெரு தள்ளி, சிமெண்டுப் பூச்சு உதிர்ந்த ஒரு பள்ளிக்கூடம். நான் கூப்பிடவில்லை. கூப்பிடுகிற முகம் எனக்கு இல்லை. தனியாகச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தேன்.

"இருங்க, நானும் வர்றேன்" என்றாள். தமிழில் சொன்னாள்.

பெண்கள் வரிசையில் போய் நின்றாள். வெயில் மண்டையைப் பிளந்தது. யாரோ மாம்பழக் கூடையோடே வரிசையில் நின்றிருந்தார்கள், வராண்டா முழுக்க அந்த வாசனை. முன்னால் நின்ற, பக்கத்து ஈஜிபுராவைச் சேர்ந்த தமிழ்ப் பெண் ஒருத்தியிடம் கோமதி, "இது எம்.எல்.ஏ.வுக்குத்தானே?" என்று கேட்டது எனக்குக் கேட்டது.

"பின்ன யாருக்குக்கா? இதுகூடத் தெரியாமயா வந்தே?" என்று அந்தப் பெண் சிரித்தாள்.

கோமதியும் சிரித்தாள். "எனக்கு இதுதான்மா முதல் தடவை" என்றாள். தலை முக்கால்வாசி நரைத்தவள் இப்படிச் சொன்னதும் அந்தப் பெண் திரும்பி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

வெளியே வந்தபோது இடது கையை வலது கையால் பிடித்துக்கொண்டு வந்தாள். வேப்பமரத்தடியில் நின்று மை வைத்த விரலைப் போட்டோ எடுத்துத் தம்பிக்கு அனுப்பினாள். வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

"எப்படி இருந்தது?"

"நல்லா இருந்தது. பட்டனை அழுத்தினதும் பீப்னு கத்துச்சு, நெஞ்சு அடைச்சுக்கிட்டது." தெரு முனை திரும்பியதும் மை வைத்த விரலைப் பார்த்தாள். "ஆனா இது உங்க ஊரு ஓட்டுங்க. அப்பா சொன்னது இது இல்ல."

எனக்கும் அது தெரிந்தேதான் இருந்தது. அவள் வாயால் கேட்டபோது கண் கலங்கிவிட்டது. செருப்பைச் சரி செய்கிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

படித்துச் சொல்

அதற்குப் பிறகு போர்ட் பிளேருக்கே பெயர் மாற்றிவிட்டார்கள். அன்று மாணிக்கம் போன் செய்து, "மச்சான், ஊர்ப் பேரை மாத்த இவங்களுக்குத் தெரியுது பாத்தீங்களா? அப்படியே நம்மளை ரெண்டாவது பட்டியல்லருந்து முதல் பட்டியலுக்கும் மாத்திட்டா என்ன?" என்று கேட்டான். நான் சிரித்தேன். கோமதி சிரிக்கவில்லை.

போன மாதம் அவன் தபாலில் ஒரு கவர் அனுப்பினான். அக்கா கேட்டு அனுப்பியதாம். உள்ளே பெயர் மாற்றும் ஃபாரம், ஹிந்தியில். கோமதி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் மேசைக்கு எதிரே உட்கார்ந்தாள். ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் எங்கள் வீட்டில் ஒரு ஃபாரத்தை ஒருவர் படிக்க மற்றவர் கேட்டது அதுதான் முதல் தடவை.

கடைசிப் பத்திக்கு வந்ததும் நின்றாள். "மேலே சொன்ன விலாசத்தில் நான் வழக்கமாக வசித்து வருகிறேன் என்று உறுதி கூறுகிறேன்னு போட்டிருக்கு. வழக்கமான்னா?"

"எங்க குடியிருக்கியோ அங்க."

"நான் இங்கல்ல குடியிருக்கேன்?"

"ஆமா."

"அப்ப இத்தனை வருஷமா அங்க பேரு வச்சிருந்ததே தப்பா?"

"சட்டப்படி தப்புதான்."

"ஏன் சொல்லல?"

"நீ கேட்கல."

"சரியாப் போச்சு போங்க" என்று தலையில் அடித்துக்கொண்டாள். பேனாவை மூடி வைத்தாள். "பொய்க் கையெழுத்துப் போட மாட்டேன். அப்பா பேரைச் சொல்லிப் பொய் கூடாது. அப்ப, அங்க போய் இருக்கணும்."

"எத்தனை நாளைக்கு?"

"மாநிலம் ஆகற வரைக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அடி ஆத்தி! கோமதி, அது எத்தனை வருஷம் ஆகுமோ! நாம ரெண்டு பேரும் அறுபதைத் தாண்டியாச்சு, ஞாபகம் இருக்கா?"

"நீங்கதானே சொன்னீங்க, அரை நாள் வேலைன்னு."

அவள் கவருக்குள் கையை விட்டு இன்னொரு ஃபாரத்தை எடுத்தாள். மாணிக்கம் இரண்டு அனுப்பியிருந்தான். அதை என் பக்கம் தள்ளவில்லை, தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது உங்களுக்கு. கேட்காம நிரப்ப மாட்டேன். உங்க ஊரு, உங்க தெரு, உங்க ஓட்டு எல்லாம் இங்க இருக்கு. கடல் வேற உங்களுக்கு ஒத்துக்காது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்க, எனக்கு ஒரு வருத்தமும் இல்ல. வர்றீங்களா?"

வெளியே காய்கறி வண்டிக்காரன் கத்திக்கொண்டு போனான். கோமதி அவனைக் கூப்பிட எழுந்திருக்கவில்லை. கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முதல் வரியிலிருந்து படி" என்றேன்.

படித்தாள். பெயர், தகப்பனார் பெயர், இப்போதைய விலாசம், புது விலாசம். எங்கேயும் அவசரப்படவில்லை. கடைசி வரி வரைக்கும் தமிழில் சொல்லிவிட்டு நிமிர்ந்தாள்.

"வர்றேன்" என்றேன்.